கடைக்குச் செல்லும் பிள்ளை

நெய்வேலி நகரியத்துப் பிள்ளைகள் படிப்பில் சோடை போனவர்கள் அல்லர். ஆயினும், தசமக் கணக்கை மளமளவென்று போடும் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம், "முக்கால் கிலோ துவரம்பருப்பு எத்தனை கிராம்?" என்று மெயின் பஜாரில் வைத்துக் கேட்டேன், விழித்தான். அவன்மீது குற்றமில்லை. அவனை ஒருவரும் கடைக்கு அனுப்பியதில்லை. கைபேசியில் விரல் பட்டால் மளிகை வாசலுக்கு வந்துவிடுகிறதே!

நமது மார்க்கம் கடைத்தெருவை அற்பமாகக் கருதவில்லை. திருமறையின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே வழங்குகிறது. ஷுஐப் நபி (அலை) அவர்கள் மத்யன் மக்களை ஏகத்துவத்துக்கு அழைத்ததோடு, அளவையையும் நிறுவையையும் நேர்செய்யுமாறும் வேண்டினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு விற்றவரைக் கண்டித்தார்கள்.

ஆகவே பிள்ளையின் கையில் சீட்டும் நூறு ரூபாயும் கொடுத்து அனுப்புங்கள். சாமான் வைக்குமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கட்டும். பொட்டலத்தில் நிகர எடையையும் அதிகபட்ச விலையையும் படிக்கட்டும். 200 கிராம் 30 ரூபாய், 500 கிராம் 80 ரூபாய் எனில் எது மலிவு? பெரிய பொட்டலமே மலிவு என்று நம்பும் பெரியவர்களும் இதில் தோற்பர்.

தாமதித்து வந்தால் அடிக்காதீர்கள். சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அனுப்பிய வேலைக்குச் செல்லும் வழியில், கடைத்தெருவில் விளையாடிய பிள்ளைகளிடையே நின்றுவிட்டார்கள். பின்னால் வந்து பிடரியைப் பற்றிய நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் சிரிப்பே இருந்தது.

இனி என் குறையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மகன் கடையிலிருந்து திரும்பி, "அத்தா, மீதியில் பத்து ரூபாய் கூடுதலாக இருக்கிறது" என்றான். கடும் வெயில். "நாளை கொடுத்துக்கொள்ளலாம்" என்றேன். அன்று மஃரிபுக்குப் பின் அமானிதம் பற்றி நானே பாடம் நடத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாளை வரவேயில்லை. மாதங்கள் கழித்துச் சென்றபோது கடை கைமாறியிருந்தது. பழைய முதலாளி எங்கே போனார் என்று ஒருவரும் அறியவில்லை. உரியவர் கிடைக்காவிடில் அவர் சார்பில் தருமம் செய்வதே சட்டம். பத்து ரூபாயை மகன் கையாலேயே ஓர் ஏழைக்குக் கொடுக்கச் செய்தேன். "அன்றே போயிருக்கலாமே, அத்தா" என்றான்.