தீவு தந்த இசை

இக்காலத்து மேனாட்டுச் செவ்வியல் இசையைக் கேட்டால் நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்வர். “இதில் இனிமை எங்கே?” என்பர். அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது என்பது எங்கள் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு மனிதரையும் ஒரு தீவையும் முன்வைக்கிறோம்.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கும் அப்பால் கடலில் சிதறிக் கிடப்பவை ஆர்க்னித் தீவுகள். ஓயாத காற்றில் அங்கு மரங்கள் ஓங்கி வளர்வதே அரிது. இங்கிலாந்தில் 1934-இல் பிறந்த பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் என்னும் இசையமைப்பாளர், 1970-களில் இங்குள்ள ஹாய்த் தீவின் ராக்விக் கடற்கரையில் ஒரு பழைய குடிசையில் குடியேறினார். அலையும் காற்றும் அவர் இசையில் புகுந்தன. அலை சில வேளை தாலாட்டும். சில வேளை மரக்கலத்தை உடைக்கும். அதைக் கேட்டு எழுதியவரின் இசை மட்டும் எப்போதும் தேனாக இருக்க வேண்டும் என்பது நியாயமா?

தீவு மக்களையும் அவர் மறக்கவில்லை. 1977-இல் கவிஞர் ஜார்ஜ் மக்கே பிரவுன் முதலியோருடன் புனித மாக்னஸ் விழாவைத் தொடங்கினார். போர்க்களத்தில் ஆயுதமேந்த மறுத்துக் கப்பலிலேயே சங்கீதங்களைப் பாடியவர் என்று போற்றப்படும் வேதசாட்சி அப்புனிதர். கத்தோலிக்க மறையைத் தழுவிய பிரவுன் எழுதிய நாவல் இசைநாடகமாகி, 1137-இல் கட்டத் தொடங்கிய புனித மாக்னஸ் பேராலயத்திலேயே அரங்கேறியது.

மறு ஆண்டு பள்ளி மாணவ மாணவியர் ‘இரு பிடில்காரர்கள்’ என்ற அவரது இசைநாடகத்தை நடத்தினர். பூதங்களுக்கு ஓரிரவு பிடில் வாசித்த இளைஞன், “என் மக்கள் இனிப் பாடுபட வேண்டாம்” என்று வரம் கேட்கிறான். வெளியே வந்தால் இருபத்தோரு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன! உழைப்பை மறந்த மக்கள் தொலைக்காட்சியின் முன் சோம்பிக் கிடக்கின்றனர். அவன் பிடிலே அவர்களை எழுப்புகிறது.

ஸ்ட்ராம்னஸ் என்னும் ஊரின் அருகே யுரேனியம் தோண்டும் திட்டம் எழுந்தபோது, 1980-இல் அதை எதிர்த்து அவர் எழுதிய பியானோ இசை மிக எளியது, இனியது. வீட்டைப் பிரிந்து செல்லும் மக்களின் தளர்நடை அதில் கேட்கிறது. அங்கு யுரேனியம் தோண்டப்படவே இல்லை. டேவிஸ் 2016-இல், ஆர்க்னியிலேயே மறைந்தார்.

இனி நம் நிலை என்ன? விழா மேடையில் யாரோ பாடிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்துவிட்டு இறங்குகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். அந்த வரம் பெற்ற மக்களைப் போல் நாமும் ஆகிவிடவில்லையா? இளமையில் ஆசிரியராயிருந்த டேவிஸ் தம் மாணவரையே இசையமைக்கச் செய்தார். ஆண்டுக்கு ஒரு பாட்டையேனும் நாமே இயற்றி, நாமே மெட்டமைத்து, நம் குரலிலேயே பாடினால் என்ன? சுருதி சற்றுப் பிசகலாம். தாய் தந்தையர் பொறுத்துக்கொள்வர்; அருட்சகோதரிகள் திருத்தித் தருவர்.

தோழியரே! இறைவன் நமக்குச் செவியும் தந்தார், குரலும் தந்தார். முதலில் நம்மைச் சுற்றி ஒலிப்பதைக் கேட்போம், பின்பு பாடுவோம்.