தாய்மண்ணோடு பெயர்த்து நடுங்கள்



ஐப்பசி மழை இறங்கி மண் இளகும் காலம், வீட்டுத் தோட்டத்துச் செடிகளை இடம் மாற்றுவதற்கு ஏற்ற காலம். புதிதாக ஓர் அறை கட்ட நினைக்கும்போது, ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்துவிட்ட செம்பருத்தி குறுக்கே நிற்கும். வெட்டி எறிந்துவிட்டு வேறொரு குச்சியை நட்டால் போயிற்று என்பர் சிலர். குச்சியும் தழைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பாட்டியார் தம் கையால் நட்ட செடியைக் காப்பாற்ற விரும்புவோரும் உண்டு.

நாற்றைப் பிடுங்கி நடுவது எளிது; முதிர்ந்த செடியைப் பெயர்ப்பது அவ்வாறன்று. பருத்த வேர்கள் செடியைத் தாங்குகின்றன. நீரை உறிஞ்சுபவையோ நுனியிலுள்ள சல்லி வேர்கள். ஒரே நாளில் தோண்டி எடுத்தால் அவற்றுள் பெரும்பகுதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். தண்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அடி தள்ளி வட்டமிட்டு, பாதி வட்டத்தை மட்டும் மண்வெட்டியால் ஆழ வெட்டி, மண்ணை மூடி நீரூற்றுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபாதியை வெட்டுங்கள். தாய்மண்ணுக்குள்ளேயே புதிய சல்லி வேர்கள் தோன்றும்.

பெயர்க்கும் வேளையில் கிளைகளில் மூன்றிலொரு பங்கைக் குறைக்க வேண்டும். மொட்டுடன் நிற்கும் கிளையை வெட்டுவதா என்று பலருக்கும் மனம் வராது. ஆனால் வேர் குறைந்த செடியால் எல்லா இலைகளுக்கும் நீரளிக்க இயலாது. அப்படியே விட்டால் முழுச் செடியும் வாடும். இங்கே வெட்டுவது இரக்கமேயன்றிக் கொடுமையன்று. காய்ந்தவற்றையும், மாவுப்பூச்சி பிடித்தவற்றையும், ஒன்றோடொன்று உராய்பவற்றையும் முதலில் அகற்றுங்கள். மற்றவற்றை வெளிப்புறம் நோக்கிய கணுவிற்குச் சற்று மேலே, கூரிய கத்தியால் சாய்வாக நறுக்குங்கள். செம்பருத்தி புதுத் தளிரிலே பூப்பதால், பின்னர் பூவுக்குக் குறைவிராது.

மாலை நேரத்தில், தாய்மண் உதிராதபடி சாக்கில் கட்டி இருவராகத் தூக்குங்கள். புதுக் குழியின் அகலம் மண்கட்டியைப்போல் இருமடங்கு இருக்கட்டும். ஆழம் பழைய அளவே. மக்கிய தொழுவுரம் சிறிது போதும். பசுஞ்சாணமும் இரசாயன உரமும் இளவேரைக் கருக்கிவிடும். கழி ஊன்றி, ஓலையால் நிழலிட்டு, நீர் தேங்காமல் ஊற்றி வாருங்கள். இலைகள் மஞ்சளித்து உதிரும், அஞ்ச வேண்டாம். வேர் பிடித்ததா என்று அசைத்துப் பார்க்கவும் வேண்டாம். முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால், அந்த வலிமை வேருக்குச் சேரும்.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், காய்க்காத அத்திமரத்திற்காக ஓராண்டுத் தவணை கேட்ட தோட்டக்காரரைக் காண்கிறோம். அவர் தவணை மட்டும் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடும் உழைப்பையும் தாமே ஏற்றார்.

நம் இல்லங்களிலும் பெயர்த்து நடப்படுவோர் உண்டு. கணவரை இழந்தபின், ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்து மகனிடம் வந்து சேரும் முதிய தாயை எண்ணிப் பாருங்கள். “இங்கே உங்களுக்கு என்னம்மா குறை?” என்று மகன் கேட்கிறான். குறை சோற்றில் அன்று, வேரில். அண்டை வீட்டுப் பேச்சு, கோவில் மணியோசை, கணவரின் கல்லறை ஆகிய சல்லி வேர்கள் ஒரே நாளில் அறுந்துவிட்டன.

கூடுமானால், முதலில் சில வாரங்கள் அழைத்துவந்து, மீண்டும் ஊருக்கு அனுப்பிப் பழக்குங்கள். அவருடைய பழைய பெட்டியும் பாடுபட்ட சுரூபமும் உடன் வரட்டும். இடத்தை அடைக்கிறதே என்று சலிக்காதீர்கள். அதுவே அவருடைய தாய்மண். பேரப்பிள்ளைகளைக் கவனிக்கும் சுமை முழுவதையும் வந்த அன்றே அவர்மேல் ஏற்றாதீர்கள். நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், ஊர்க் கல்லறைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் மௌனமாயிருந்தால், அதைக் கோபமென்று கொள்ளாதீர்கள்.

வேர் பிடித்த செடி தானே தளிர்க்கும். அதுவரை காத்திருக்கும் பொறுமையை இறைவன் உங்கள் குடும்பங்களுக்கு அருள்வாராக!