இருவர் செய்யும் கொலை

"காய்ச்சல் வந்தது, காலன் அழைத்தான், போய்விட்டான்" என்று கூறிக் கண்ணைத் துடைத்துக்கொள்வது எளிது. "எதனால் மாண்டான்?" என்று கேட்பதுதான் அரிது. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பகுத்தறிவு வேண்டும், தோழர்களே!

1918இல் கிளம்பிய இன்புளுவென்சா ஏறத்தாழ 5 கோடி மக்களை விழுங்கியது என மதிப்பிடுவர். கொன்றது யார்? ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு பைஃபர் 1892இலேயே ஒரு பாக்டீரியாவைச் சுட்டி, "இதுவே இந்நோயின் காரணம்" என்றிருந்தார். பெரியவர் சொன்னார், பெரும்பாலோர் தலையசைத்தனர். 1933இலன்றோ, ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா எனும் மூவர் உண்மைக் காரணமான வைரசை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர்!

பைஃபர் தவறினார்; எனவே பாக்டீரியா குற்றமற்றது என விடுதலை செய்துவிடலாமா? கூடாது! 1918, 1919ஆம் ஆண்டுகளில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர் 58 பேரின் நுரையீரல் திசுக்களை மீண்டும் ஆராய்ந்து, மோரென்ஸ், டாபென்பெர்கர், ஃபவுச்சி ஆகியோர் 2008இல் வெளியிட்ட முடிவு என்ன? அநேகமாக அனைவரிடமும் பாக்டீரியாவால் விளைந்த நிமோனியாவின் தடயம்! வைரஸ் வாயிலை உடைத்தது; பாக்டீரியா உள்ளே புகுந்து உயிரைப் பறித்தது.

மூச்சுக்குழாயின் உட்புறத்தே நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அழுக்கையும் கிருமியையும் மேலே தள்ளும் காவலர்கள் அவை. வைரஸ் அக்காவலரை வீழ்த்துகிறது. மூக்கிலும் தொண்டையிலும் வாளாவிருந்த நிமோகாக்கஸ், ஸ்டாபிலோகாக்கஸ் முதலியன நுரையீரலில் இறங்குகின்றன. காய்ச்சல் தணிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து, வீட்டார் மகிழும் வேளையில், மீண்டும் காய்ச்சல்! இருமல் மிகுகிறது, மூச்சு முட்டுகிறது, மார்பு வலிக்கிறது. இதை விதியென்பதா? இரண்டாம் பகைவன் வந்துவிட்டான் என்னும் எச்சரிக்கையன்றோ இது!

1918இல் பெனிசிலின் இல்லை. பிளெமிங் அதைக் கண்டது 1928இல். அன்று மருத்துவர் கைபிசைந்தனர். இன்று மருந்திருந்தும் மருத்துவரிடம் செல்லாது, "தானே தணியும்" என்று வாளாவிருப்பது பொறுமையன்று, கொலைக்கு உடந்தை!

இன்னொரு மடமையும் உண்டு. தும்மினால் போதும், கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்பது! அம்மருந்து வைரசைத் தொடாது. தேவையின்றி விழுங்க விழுங்க, பாக்டீரியாவே அதை எதிர்க்கப் பழகும். 1957ஆம் ஆண்டின் ஆசிய இன்புளுவென்சாவில், பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் பலரைக் கொன்றது. அந்தப் பாடத்தை மறந்து, மருத்துவரின் சீட்டின்றி மாத்திரை விழுங்குவோன், தாயத்துக் கட்டுவோனைப் பார்த்து நகைக்க என்ன தகுதியுடையான்? அவன் கட்டியிருப்பதும் தாயத்தே, வெள்ளைத் தாயத்து!

செய்யத்தக்கது யாது? இன்புளுவென்சாவுக்குத் தடுப்பூசி உண்டு, நிமோகாக்கசுக்கும் உண்டு. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் மருத்துவர் சொற்படி அவற்றை அளிப்போம். தணிந்த காய்ச்சல் திரும்பினால், அன்றே மருத்துவமனை செல்வோம். ஊரில் இதை எடுத்துரைப்போம். விதியின் தலையில் பழிபோட்டது போதும். கொலைகாரர் இருவரின் பெயரும் நமக்குத் தெரியும்!