பூந்தோட்டம் பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: என் அம்மா திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பக்கத்தில் 30 வருஷத்துக்கும் மேலாகப் பூக்கட்டி விற்றவர். ஆனால், மல்லிகைச் செடி தோட்டமாக நிற்பதை இதுவரை பார்த்ததே இல்லை. இப்போது பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பூ பூத்துக் குலுங்கும் கிராமங்களை ஒரு நாள் சுற்றிப்பார்க்க ஆசை. பக்கத்தில் எங்கே போகலாம்? எந்த மாதம் நல்லது?

*வாசகர் ஒருவர், திருவொற்றியூர்.*

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சங்கிலி நாச்சியார்தான் நினைவுக்கு வந்தார். ஒற்றியூர்க் கோயிலில் இறைவனுக்குப் பூத்தொடுத்த அந்தப் பெண்ணைத்தான் சுந்தரர் மணந்தார் என்கிறது பெரிய புராணம். பூக்கட்டுவது உங்கள் ஊருக்கு அவ்வளவு பழைய வேலை. ஆனால், பூவைத் தொடுக்கிற கையும் பறிக்கிற கையும் நேரில் சந்திப்பது அபூர்வம். அந்த வகையில் நல்ல காரியம் செய்கிறீர்கள்.

மல்லிகை என்றதும் மதுரைக்கும் நிலக்கோட்டைக்கும் ஓட வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே கன்னிகைப்பேர், பெரியபாளையம், வெங்கல், தாமரைப்பாக்கம் பகுதிகளில் மல்லி, முல்லை, காக்கட்டான் தோட்டங்கள் இருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து மணலி, மாதவரம் வழியாகச் செங்குன்றம் போய், தேசிய நெடுஞ்சாலையில் காரனோடையைத் தாண்டினால் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை வரும். அங்கே இடதுபுறம் ஊத்துக்கோட்டை சாலையில் திரும்பினால் முதலில் கன்னிகைப்பேர், அடுத்துப் பெரியபாளையம். திரும்பும்போது பெரியபாளையத்திலிருந்து வெங்கல் வழியாகத் தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலைக்கு வந்து செங்குன்றத்தைப் பிடிக்கலாம். போகவர 100 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நல்லூர் சுங்கச்சாவடி இருப்பதால் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். 'பூத்துக் குலுங்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். மல்லித் தோட்டம் நன்றாக நடந்தால் அது பூத்துக் குலுங்காது. மல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள். விடியற்காலையில் பறித்த மொட்டு காலையிலேயே சந்தைக்குப் போய், பகலில் சரமாகி, சாயங்காலம் வாங்கியவர் தலையில் மலர வேண்டும். அதுதான் கணக்கு. செடியிலேயே விரிந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பில்லை. காலை 9 மணிக்கு ஒரு மல்லித் தோட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தால், பறிக்க ஆள் வரவில்லை அல்லது பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை என்று அர்த்தம். நாம் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கும் அந்த அழகு, தோட்டக்காரருக்கு நஷ்டம்.

அதனால், பூவைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்புங்கள். 3 மணிக்குப் புறப்பட்டால் டார்ச் வெளிச்சத்தில் பறிப்பு நடக்கும்போதே போய்ச் சேரலாம். கண்டெய்னர் லாரிகளோடு சாலையில் போய்வருவது உங்களுக்குப் பழக்கம்தான். இருந்தாலும் இருட்டில் நிதானமாகப் போங்கள்.

மாதம் கேட்டீர்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாக்கில் கவாத்து செய்வார்கள். மார்ச் மாதம் மொட்டு வரத்து தொடங்கும். சித்திரை, வைகாசியில் பறிப்பு மும்முரமாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மொட்டு குறைந்துவிடும். முகூர்த்த நாளில் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டுவதும் அப்போதுதான். விலை ஏறும்போது செடியில் பூ இருக்காது. செடி நிறையப் பூக்கும்போது விலை இருக்காது. இதை உங்கள் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி தொடங்கிவிட்டால் பல வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் பெரும் கூட்டம் வரும். அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கண்ணில் பட்ட தோட்டத்தில் காரை நிறுத்தி இறங்கிவிடாதீர்கள். அம்மா இத்தனை வருஷமாகப் பூ வாங்கிய மொத்த வியாபாரி ஒருவராவது இருப்பார். எந்த ஊரிலிருந்து பூ வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். அவரே விவசாயியிடம் பேசிச் சொல்லிவிடுவார். முன்பின் தெரியாத தோட்டத்துக்கு முன்னால் 'வரலாமா?' என்று நிற்பதைவிட இது மேல்.

தோட்டத்தில் சில விஷயங்களைக் கவனியுங்கள். டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்க வேண்டாம். செடிக்கடியில் பாம்பு இருக்கலாம். சொட்டுநீர்க் குழாயை மிதிக்க வேண்டாம். மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்ட பிறகே பிள்ளைகளை உள்ளே விடுங்கள். அடித்திருந்தால் சாலையோரத்திலிருந்தே பார்க்கட்டும். பிள்ளைகள் ஆசைக்குப் பறிப்பதையும் தவிர்க்க வேண்டும். இன்றைய மொட்டு எது, நாளைய மொட்டு எது என்று தெரியாத கை இரண்டையும் சேர்த்துக் கிள்ளிவிடும். நாளைய மொட்டு போனால் நாளைய வருமானம் போயிற்று. 'கொஞ்சம் பூ கொடுங்க' என்று சும்மா கேட்காதீர்கள். அன்றைய சந்தை விலை கொடுத்து அரை கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் தாமரைப்பாக்கம் அருகே கொசஸ்தலை ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பூண்டியிலிருந்து வரும் அந்த ஆறுதான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர் பகுதிகளில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஆழ்குழாய்க் கிணறுகள் இருக்கின்றன. நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த காலங்களில் இங்குள்ள விவசாயிகளின் கிணறுகளிலிருந்தும் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. பூவும் தண்ணீரும் அங்கிருந்து நம் ஊருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் கொஞ்சம் பணிவோடு போவதில் தப்பில்லை.

இன்னொன்று. அம்மாவை வரப்போரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பறித்த மொட்டைக் கையில் கொடுங்கள். தண்ணீர் தெளித்துக் கனம் ஏற்றிய பூவையும், முதல் நாள் மீந்த பூவையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கை அது. அப்போதுதான் பறித்த மொட்டு எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியட்டும். தோட்டக்காரரும் தன் பூவைப் பற்றி வியாபாரி சொல்லித்தான் கேட்டிருப்பார். எந்தப் பூ சாயங்காலம் வரை நிற்கிறது, எது நாரில் கட்டும்போதே காம்பு உதிர்கிறது என்று அம்மாவால் நேரில் சொல்ல முடியும். இருவருக்கும் அது லாபம்.

கேள்வி: என் சூரியகாந்தி வயல் சாலையோரத்தில் இருக்கிறது. பூத்தவுடன் கேரளாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் காரில் வந்து இறங்கிப் படம் எடுக்கிறார்கள். செடி ஒடிகிறது. வேலி போடுவதா, காசு வாங்குவதா?

*விவசாயி ஒருவர், தென்காசி மாவட்டம்.*

பதில்: மேலே திருவொற்றியூர்க்காரருக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. உங்கள் மாவட்டத்தில் சுந்தரபாண்டியபுரத்துக்கும், கர்நாடகாவில் குண்டல்பேட்டைக்கும் பூ பார்க்கவே கூட்டம் வருகிறது. குண்டல்பேட்டையில் படம் எடுக்கக் கட்டணம் வாங்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். நீங்களும் தாராளமாக வாங்கலாம். மல்லிக்காரருக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. உங்கள் பயிர் பூத்து நிற்பது நஷ்டமில்லை. விதை பிடிப்பதற்கு முந்தைய கட்டம்தான் அது.

ஆனால், அந்த இரண்டு வாரம்தான் தேனீ வேலை செய்யும் காலமும். தேனீ வராவிட்டால் பூவில் பதர்தான் மிஞ்சும். காலையில்தான் தேனீ நடமாட்டம் அதிகம். அதனால் 11 மணிக்குப் பிறகே ஆள்களை விடுங்கள். சாலையோரமாக ஒரு மூலையில் மட்டும் இடைவெளி விட்டு, கயிறு கட்டி ஒற்றையடிப் பாதை அமையுங்கள். கயிற்றைத் தாண்டக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவையுங்கள். கட்டணத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே தொகையாக வைத்தால் சண்டை வராது. அடுத்த போகத்தில் அந்த மூலையில் மட்டும் பத்து நாள் தள்ளி விதைத்தால், மற்ற வயலில் தலை சாய்ந்த பிறகும் அங்கே பூ நிற்கும். கூட்டமும் அங்கேயே நின்றுவிடும்.