மூன்றே நாளில் ஆறும் களிம்பு

சாரல் சீசனில் குற்றாலம் போகிறவர்களில் பலர், தலை ஈரம் காயுமுன்பே பஜாரில் ஒரு தைலமோ களிம்போ வாங்கிக்கொண்டுதான் தென்காசிக்குப் பஸ் ஏறுகிறார்கள். பொதிகை மூலிகை என்றால் நமக்கு ஒரு நம்பிக்கை. அது வீண் நம்பிக்கையும் அல்ல. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். பச்சை இலை சில நாளில் எண்ணெயைக் கருஊதாவாக்கிவிடும். காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) சித்த மருத்துவர்கள் தரும் வெட்பாலைத் தைலம் அதுதான். நிதானமாகத்தான் கேட்கும், வாரக்கணக்கில் பூச வேண்டும்.

நாம் அஞ்சுவது, மூன்றே நாளில் அரிப்பை அடக்கிவிடும் லேபிள் இல்லாத டப்பாவைக் கண்டுதான்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் குழந்தைகளின் கரப்பானுக்குப் பூசிய 24 'மூலிகை' களிம்புகளைச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 20இல் ஸ்டீராய்டு இருந்தது. பலவற்றில் இருந்தது குளோபெட்டசால், அந்த வகையிலேயே வீரியம் மிகுந்தது. 'நன்றாகக் கேட்கிறது' என்று நம்பித்தான் பெற்றோர் பிஞ்சுத் தோலில் அதைத் தடவியிருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கோட்டக்கல்லில் 2023இல் வெளிவந்தது பாதரசம்: ஒருவகைச் சிறுநீரக நோயோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர், அது கலந்த கிரீமை முகம் வெளுக்கப் பூசியவர்கள்.

டாக்டர் அளவும் நாளும் சொல்லித் தரும் ஸ்டீராய்டு நல்ல மருந்து. ஒளித்துக் கலந்தால் துரோகம். படர்தாமரையில் பூசினால் சிவப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. வட்டம் கலைந்து, டாக்டரே அடையாளம் காண முடியாதபடி பரவும். தோல் மெலிந்து உள்ளே ரத்தக்குழாய் தெரியும். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகக் கிளம்பும். மறுபடி அதே டப்பாவைத் தேடி ஓட வேண்டும்.

சித்த மருந்தின் லேபிளில் உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒளித்துக் கலப்பதை லேபிள் சொல்லாது, ஆய்வகம்தான் சொல்லும். அடுத்த சீசன் தொடங்குமுன் குற்றாலத்திலும் தென்காசியிலும் விற்கும் களிம்புகளை அரசு மாதிரி எடுத்து, ஸ்டீராய்டும் பாதரசமும் உண்டா என்று சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி அறிஞர்களே இதை முன்நின்று கேட்க வேண்டும். கெடுவது அவர்கள் மருத்துவத்தின் பெயர்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதைக் கையோடு தோல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.