வாட்டர் பம்பை யார் மாற்றுவது?

ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ (1974) நூலைப் படித்துச் சிலாகிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஸ்பானரைக் கையில் எடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் பெரும்பாலும் அமெரிக்காவில் குடியேறிய பிறகே எடுத்தவர்கள். மதுரையிலோ திருச்சியிலோ இருந்தவரை பானட்டைத் திறக்கும் விசை எங்கிருக்கிறது என்றுகூட அறியாதிருந்தவர், நியூ ஜெர்சியில் தன் வீட்டு வாசலில் காருக்கடியில் மல்லாந்து கிடந்து வாட்டர் பம்ப் மாற்றுகிறார். மாற்றி முடித்ததும் ஏதோ தரிசனம் கிட்டியவர்போல அதைப் பற்றிப் பேசுகிறார். எதிர்த்தரப்பில் இன்னொருவர், ‘அதற்கென்று ஆள் இருக்கும்போது நாம் எதற்குக் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும்’ என்கிறார். இந்த வாக்குவாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இருவருமே பம்பை மறந்துவிட்டுத் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகவே பம்பிலிருந்து தொடங்குவதே முறை.

கோவைப் பக்கத்துக் கிணற்று மோட்டார்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதே மையவிலக்குத் தத்துவம்தான். எஞ்சினின் பெல்ட் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் மறுமுனையில் இம்பெல்லர் என்னும் சிறகுச் சக்கரம். அது கூலன்ட் எனப்படும் திரவத்தை எஞ்சினின் உடலுக்குள் வார்க்கப்பட்டிருக்கும் வழிகளில் தள்ளுகிறது. அங்கே சூடேறிய திரவம் ரேடியேட்டருக்குப் போய், வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. பம்ப் எதையும் குளிரவைப்பதில்லை; ஓடவைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டம் நின்றபின்னும் வண்டியை ஓட்டிக்கொண்டே போனால், சில நிமிடங்களில் அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்ளும், ஹெட் கேஸ்கெட் போகும். ஒரு பம்பின் விலையோடு முடிந்திருக்க வேண்டியது எஞ்சின் செலவாக வந்து நிற்கும்.

பம்பில் எனக்கு மிகப் பிடித்த பாகம் ஒரு வெற்றிடம். தண்டு திரவத்துக்குள் நுழையும் இடத்தில் கசிவைத் தடுக்க ஒரு சீல் உண்டு. அதற்கு வெளியே தண்டைத் தாங்கும் பேரிங். இந்த இரண்டுக்கும் நடுவில், பம்பின் உடலில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்து கசியத் தொடங்கும்போது திரவம் பேரிங்குக்குள் போய் அதையும் கெடுக்காமல் இந்தத் துளை வழியே வெளியே சொட்டும். காரை நிறுத்திய இடத்தில் தரையில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஈரம் தெரியும். அதாவது, தான் சாகப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சாகும் பாகம் இது. எல்லாப் பம்புகளும் இவ்வளவு நாணயமானவை அல்ல. சில வோக்ஸ்வேகன் எஞ்சின்களில் வந்த பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் உள்ளுக்குள்ளேயே உடைந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஈரம் இருக்காது, தண்டு சுழன்றுகொண்டே இருக்கும், திரவம் மட்டும் நகராது.

இனி நம் கேள்வி. வீட்டில் செய்வதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா என்பதற்கு விடை நம் மனவுறுதியில் இல்லை. அந்தப் பம்பை வடிவமைத்தவர் எங்கே வைத்தார் என்பதில் இருக்கிறது. அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள் (2014இல் உற்பத்தி நின்றுபோனது). எஞ்சினின் முகத்திலேயே பம்ப், அதன் தண்டிலேயே விசிறி, டைனமோவையும் சேர்த்துச் சுழற்றும் ஒரே வி பெல்ட். ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துவிட்டால் கண்ணுக்கெதிரே இருக்கும். சில போல்ட்டுகள், ஒரு கேஸ்கெட். ஏற்காட்டு மலைப்பாதையில் பானட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நின்ற அம்பாசடர்களின் ஓட்டுநர்கள், ஒரு கேன் தண்ணீரும் ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட்டும் இல்லாமல் மலையேறமாட்டார்கள். அவர்களுக்கு இது ஒரு தனிக் கலையாகவே தோன்றியிருக்காது. பழைய ஷெவர்லே வி8 எஞ்சின்களும் இதே ஜாதிதான். அமெரிக்கர்களின் ‘வீட்டு வாசல் மெக்கானிக்’ மரபு முழுவதும் இப்படிப்பட்ட, கைக்கு எட்டும் எஞ்சின்களின் மேல் வளர்ந்தது.

ஹோண்டாவின் டைமிங் பெல்ட் கொண்ட வி6 எஞ்சின்களுக்கு வாருங்கள். இங்கே பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அதை அடைய எஞ்சினை ஜாக்கில் தாங்கி, பக்கவாட்டு மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். கிராங்க் புல்லியின் நடு போல்ட் சாதாரணமாக அசையாது; புல்லியைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே ஒரு தனிக் கருவி உண்டு. பெல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது குறிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பற்கள் சில தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின் அது. ஏறத்தாழ 1 லட்சம் மைலுக்கொருமுறை டைமிங் பெல்ட் மாற்றும்போது, பம்ப் நன்றாகவே இருந்தாலும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம். பம்பின் விலை பெரிதல்ல, அதுவரை போய்ச் சேரும் உழைப்புதான் பெரிது என்பதே காரணம். ஃபோர்டின் 3.5 லிட்டர் வி6 எஞ்சின் இதற்கும் ஒருபடி மேலே போனது. குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட அந்த எஞ்சினில் பம்ப் டைமிங் செயினால் ஓடுகிறது, எஞ்சினுக்குள்ளேயே குடியிருக்கிறது. அது கசிந்தால் கூலன்ட் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடக்கூடும். அந்தப் பம்பை வீட்டில் மாற்றலாமா என்று கேட்பவரிடம் நான் விவாதத்துக்குப் போகமாட்டேன்.

எனவே என் தரப்பு இது: பம்ப் வெளியே இருந்து, சாதாரண பெல்ட்டால் ஓடுகிறதென்றால், ஒருமுறையாவது நீங்களே மாற்றிப் பாருங்கள். டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருந்தால் தேர்ந்த கையிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கூலியில் பேரம் பேசாதீர்கள்.

முதல் பாதிக்குக் காரணம் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அது உண்மைதான். பல ஊர்களில் பட்டறைக் கூலி மணிக்கு 100 டாலரைத் தாண்டிவிட்டது. பம்ப்போ பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரக் கூலிக்குள் கிடைத்துவிடும். வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு கருவிகளை இரவல் தரும் உதிரிபாகக் கடைகளும் அங்கே உண்டு. ஆனால் பணக் கணக்கை முழுதாகப் போட்டால் மிச்சம் அவ்வளவு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டும், ஜாக் ஸ்டாண்ட் வாங்க வேண்டும், ஒரு சனிக்கிழமை முழுதும் போகும், பாதியில் ஒரு போல்ட் முறிந்தால் கடைக்குப் போய்வர இன்னொரு கார் வேண்டும். இரண்டு கார்களும் ஒரு வாசலும் உள்ளவர்களின் சுயசார்பு இது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் மாற்றிப் பார்க்கச் சொல்வது அந்த வேலை கற்றுத்தரும் பொறுமைக்காக. புதிய பம்பைப் பூட்டுவது நிமிட வேலை. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதில்தான் பொழுது போகும். காகிதமும் பசையும் பல வருட வெப்பத்தில் உலோகத்தோடு ஒட்டி இறுகியிருக்கும். அவசரப்பட்டுக் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே நாளை கசியும். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் படம் வரைந்து செருகிவைக்காவிட்டால், நீளமான ஒன்று குட்டையான துளைக்குள் போய் வார்ப்பைப் பிளக்கும். குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் அலுமினியத்தின் மரை கழன்று வந்துவிடும்.

எல்லாம் முடிந்து கூலன்ட் ஊற்றியபிறகும் வேலை முடியாது. கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றாமல் சுவிட்சைப் போட்டால் அது வெறுமனே இரைந்துகொண்டிருக்கும், குழாயில் சொட்டு நீர் வராது. காரிலும் அதேதான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, குளிர்ந்த எஞ்சினைத் துவக்கி, குமிழிகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். (சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் திரவம், மூடி திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.) வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சு. தெருநாய் நக்கிவிட்டுப் போய் எங்கோ ஓரிடத்தில் சாகும்.

இதையெல்லாம் ஒருமுறை செய்தவருக்கு மெக்கானிக்கின் கூலி எதற்குத் தரப்படுகிறது என்பது புரியும். புரியாத இடத்தில்தான் பிர்சிக்கைத் தவறாகப் படிக்கிறோம். அந்நூலில் வரும் பட்டறைக்காரர்கள் வானொலியை அலறவிட்டுக்கொண்டு வண்டியைப் பாழாக்குகிறார்கள். உண்மையான பழுது சில காசு பெறும் ஒரு சிறு பின்னில் இருக்கிறது. உடனே நாம் ‘மெக்கானிக் என்றாலே அலட்சியம்’ என்ற முடிவுக்குத் தாவுகிறோம். அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றில் நிலவும் கூலி முறையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இன்ன வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் அச்சிட்டிருக்கும். மெக்கானிக் எத்தனை மணி நேரம் எடுத்தாலும் அதற்குத்தான் கூலி. கேஸ்கெட்டைப் பொறுமையாகச் சுரண்டுபவன் அந்த முறையில் நஷ்டப்படுகிறான். அலட்சியம் ஒருவனுடைய குணமாக இருக்கலாம். கூலி முறையே அதை ஊட்டி வளர்க்கவும் செய்யலாம்.

மாத்யூ க்ராஃபோர்டும் இப்படியே தவறாகப் படிக்கப்படுகிறார். தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவன வேலையை உதறிவிட்டு, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தவர் அவர். 2009இல் வந்த அவருடைய நூலை வார இறுதி ஸ்பானர்காரர்கள் தங்கள் வேதமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் எழுதியிருப்பதோ பெரும்பகுதி கூலிக்கு வேலை செய்பவனின் அறிவைப் பற்றி. பொழுதுபோக்குக்காகப் பம்ப் மாற்றுபவனுக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு.

நம் ஊருக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. இங்கே பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் கூலி அற்பம், ஆகவே வீட்டில் செய்யலாமா என்ற கேள்வியே எழுவதில்லை. கூலி ஏன் அற்பமாக இருக்கிறது? கையால் செய்யும் வேலையையும் அதைச் செய்பவனையும் படிநிலையின் அடியில் வைத்துப் பழகிய சமூகம் நாம். ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த ஸ்பானரைப் பிடிக்கும் கையை நம் வீட்டு வாசலோடு நிறுத்துகிறோம். இன்று ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக்குகளில் பலர், பள்ளியைப் பாதியில் விட்டுப் பட்டறையில் ‘பையனாக’ச் சேர்ந்து, டீ வாங்கி வந்து, திட்டு வாங்கி, அதற்கிடையில் தொழிலை வாங்கியவர்கள். மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடுவை (1893–1974) மேதை என்கிறோம். பட்டறையில் அதே வழியில் கற்றவனை ‘தம்பி, எப்ப முடியும்?’ என்று பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி விரட்டுகிறோம்.

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. நியூ ஜெர்சியில் பம்ப் மாற்றிய படத்தை நண்பர்களுக்கெல்லாம் காட்டுகிற அதே மனிதர், விடுமுறைக்கு ஊருக்கு வந்து, அப்பாவின் காருக்குப் பம்ப் மாற்றிய மெக்கானிக்கிடம் 200 ரூபாய்க்கு வாதாடுகிறார். பாகத்தின் ரசீதில் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லமாட்டார், அது அச்சிட்ட விலை. கூலி என்ற வரியில் மட்டும் அவருக்குத் தாராளமாகக் கைவைக்கத் தோன்றுகிறது. கேஸ்கெட் சுரண்டியபோது தன் விரல் தோல் உரிந்ததை அவர் மறந்துவிட்டாரா, அல்லது அந்த வலி தன்னுடையதாக இருக்கும்போது மட்டும்தான் மதிப்புடையதா என்று கேட்கத் தோன்றும்.

வீட்டில் செய்வது என்ற வாய்ப்பே மெல்லச் சுருங்கிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2010 மாடல் ப்ரியஸ் எஞ்சினில் பெல்ட்டே கிடையாது. வாட்டர் பம்ப் மின்சாரத்தால் ஓடுகிறது. இப்போதைய கார்கள் சிலவற்றில் காற்றை வெளியேற்றப் பம்பைச் சுழலவைப்பதற்கே ஸ்கேன் கருவி வேண்டும். மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012இலும் 2020இலும் பழுதுபார்க்கும் உரிமைக்காக வாக்களித்ததற்கு, தெருமுனைப் பட்டறைகளுக்கும் கார் நிறுவனங்களின் தகவல் எட்ட வேண்டும் என்பதே காரணம். வீட்டு வாசல்காரரும் தெருமுனை மெக்கானிக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

நீங்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பவரானால் ஒன்று செய்யலாம். முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். முடியாவிட்டால் கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றிவிட்டாரா என்று சோதிப்பதற்காக அல்ல. தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள், கரகரவென்று உரசும், அல்லது மேலும் கீழும் ஆடும். அந்தச் சின்னத் துளைக்குக் கீழே உப்புப் பூத்தாற்போல ஒரு காய்ந்த தடம் இருக்கும். அது ஏறக்குறைய எவ்வளவு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது என்று அவரிடம் கேளுங்கள். தடத்தைப் பார்த்தே சொல்வார்.