ஃபார்மட் போடுவதற்கு முன்னால்...

கம்ப்யூட்டருக்கு என்ன வியாதி வந்தாலும் நம்மூரில் மருந்து ஒன்றே ஒன்றுதான். "ஃபார்மட் போட்டுடலாம் தம்பி!" வைரஸா? ஃபார்மட். ஸ்லோவா? ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? அட, அதற்கும் ஃபார்மட்தான்! தலைவலி என்று போனவனுக்குத் தலையையே மாற்றி அனுப்பும் வைத்தியம் இது.

சரி, விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை 11-க்கு மாற்றப் பார்க்கிறார்கள். சதவீதம் ஏறுகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி ஏறுகிறது. திடீரென்று திரையில் ஒரு வரி: செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம் என்று. எல்லாம் ஓய்ந்து பார்த்தால் அதே பழைய விண்டோஸ் 10, ஒன்றுமே நடக்காத மாதிரி சிரிக்கிறது. கூடவே ஒரு பிழை எண். அதில் 'சி1900101' என்று இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஏதோ ஒரு டிரைவர். (லாரி ஓட்டுகிறவர் இல்லை. பிரிண்டர், வைஃபை, சவுண்ட் போன்றவற்றோடு விண்டோஸ் பேசுவதற்கு நடுவில் நிற்கும் சின்ன நிரல்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், பல சமயம் அந்த டிரைவருக்குச் சொந்தமான சாதனமோ மென்பொருளோ இப்போது அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்காது! லேப்டாப் வாங்கும்போது கூடவே வந்த ட்ரையல் ஆன்ட்டிவைரஸ், ஹாஸ்டல் வைஃபையில் தடுத்து வைத்த சைட்டைப் பார்ப்பதற்காக இரண்டு நாள் போட்டு வைத்த வி.பி.என்., எப்போதோ சொருகிய டேட்டா கார்டு. எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்தாகிவிட்டது, ஐகானும் போய்விட்டது. டிரைவர் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரர் ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன கதை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். மெஷினை விற்றாகிவிட்டது, ஆனால் சொத்துப் பதிவேட்டில் அதை நீக்கவில்லை. வருஷா வருஷம் தேய்மானமும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். புது ஆடிட்டர் வந்து "இந்த மெஷினைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கிறவரை யாருக்கும் தெரியாது. விண்டோஸ் அப்கிரேடுதான் அந்தப் புது ஆடிட்டர்.

அப்கிரேடு என்றால் பழைய விண்டோஸ் மேல் புதியதைப் பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புது விண்டோஸை முழுசாகக் கொண்டு வந்து வைத்து, பழையதை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குத் தள்ளி, பழைய வீட்டில் இருந்த புரோகிராம், செட்டிங்ஸ், டிரைவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் புது வீட்டுக்குக் கொண்டு போகிறது. அந்த மூட்டையில் இந்த அநாதை டிரைவரும் ஏறிவிடுகிறது. சாதாரண புரோகிராம் தடுக்கி விழுந்தால் அது மட்டும்தான் விழும். டிரைவர் ஓடுவது கெர்னலுக்குள்ளே, அது விழுந்தால் மொத்த சிஸ்டமும் விழும். அப்படி விழுந்ததும் செட்டப், எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உண்மையில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது 'கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு' என்றுதான் படுகிறது.

எங்கே விழுந்தது என்பதையும் அந்தப் பிழை எண்ணே சொல்கிறது. அதன் இரண்டாம் பாதி 20017 மாதிரி இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் பழைய விண்டோஸுக்குள் இருக்கும்போதே தகராறு. 2 என்றால் நடுவில் வரும் சேஃப் ஓ.எஸ். கட்டம். 3 முதல் பூட், 4 இரண்டாவது பூட். இவ்வளவு விவரத்தையும் எண்ணுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வெளியே ஒரு வார்த்தை புரிகிற மாதிரி சொல்வதில்லை. 2015-ல் விண்டோஸ் 10 வந்த புதிதில் ஒரு பிழைச் செய்தி உலகம் முழுக்கக் கேலிக்கு ஆளானது. தலைப்பு: ஏதோ நடந்துவிட்டது. கீழே விளக்கம்: ஏதோ நடந்துவிட்டது. என்ன கொடுமை சார் இது!

இப்படிச் சொன்னால் யார்தான் கடைக்கு ஓடமாட்டார்கள்? ஒரு பி.காம். இறுதியாண்டு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்கிறார்கள்: "சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா தம்பி?" இவர் யோசித்துவிட்டு, "இல்லண்ணா, படம் பாட்டு எல்லாம் டி-லதான் இருக்கு" என்கிறார். டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் ஃபைலும் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரும் சி டிரைவ்தான் என்று அந்த நேரத்தில் தோன்றாது. டேலி தானாக டேட்டாவை வைக்கும் இடமும் பொதுவாக சி டிரைவ்தான். ஒரு செமஸ்டர் முழுக்க ஏற்றிய வவுச்சர்கள் அரை மணி நேரத்தில் காலி. விண்டோஸ் 11 பளபளவென்று வந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை, ஒரு நாளைக்குப் பத்து மெஷின் பார்க்கிறவருக்கு ஃபார்மட்தான் நிச்சயமான வழி. ஆனால் வீணாய்ப் போன உழைப்பு அவருடைய பில்லில் வராது.

இத்தனைக்கும் குற்றவாளியின் பெயர் அந்த மெஷினிலேயே எழுதியிருக்கும். சி டிரைவில் மறைந்திருக்கும் செட்டப் ஃபோல்டருக்குள், சோர்சஸ், அதற்குள் பாந்தர், அங்கே 'செட்டப்ஆக்ட்', 'செட்டப்எர்ர்' என்று இரண்டு லாக் ஃபைல்கள். படித்தால் தலை சுற்றும், உண்மைதான். அதற்காகவே மைக்ரோசாஃப்ட் 'செட்டப்டயாக்' என்ற இலவசக் கருவியைக் கொடுக்கிறது. அது லாக்கைத் தானே படித்து, தெரிந்த காரணம் எதனுடனாவது பொருந்தினால் அதை ஒரு ஃபைலில் எழுதித் தருகிறது. பிறகு 'பிஎன்பியுடில்' என்ற கட்டளை. வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் எல்லாவற்றையும் தயாரித்த நிறுவனத்தின் பெயர், தேதியோடு பட்டியல் போடும். 'இந்தக் கம்பெனி சாமான் எதுவும் இப்போது நம்மிடம் இல்லையே' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அங்கிருந்தே நீக்கவும் முடியும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாக ஒரு கூட்டமே வரும். எப்போதோ சொருகிய பென் டிரைவ் எல்லாம் அதில் இருக்கும். அவை பாவம், சாதனம் சொருகப்படாதவரை தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வம்பு செய்வது ஃபில்டர் டிரைவர்கள். சாதனம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பூட்டிலும் எழுந்து டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும். ஆன்ட்டிவைரஸ், வி.பி.என். எல்லாம் இந்த வகை. ஃபைலைக் கையால் அழித்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரியில் பெயர் அப்படியே இருந்து ஃபைல் மட்டும் போய்விட்டால் சாதனமே காணாமல் போகும். எக்ஸ்பி காலத்தில் சிடி எழுதும் மென்பொருளை நீக்கியதும் சிடி டிரைவே மை கம்ப்யூட்டரிலிருந்து மாயமானதை அண்ணன்மாரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதற்குக் காரணம் இதே ஃபில்டர் வரிதான்.

அப்கிரேடு வெற்றி என்று சொன்ன பிறகும் இந்தப் பேய் விடாது. 2015-ல் விண்டோஸ் 8.1-லிருந்து 10-க்கு மாறிய சிலருக்கு எல்லாம் நன்றாக முடிந்தது, ஆனால் வைஃபையும் இல்லை, கேபிள் இணைப்பும் இல்லை! 10-க்கு ஒத்துவராத பழைய வி.பி.என். மென்பொருளின் ஃபில்டர் டிரைவர்தான் காரணம். ஒரு ரெஜிஸ்ட்ரி வரியையும் அந்த டிரைவரையும் நீக்க இரண்டே கட்டளைகளை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இரண்டு வரி வேலை. அதற்கு எத்தனை பேர் ஃபார்மட் போட்டிருப்பார்களோ!

பழி யார் மேல்? பயனாளர் மேல் நிச்சயம் இல்லை. அவர் அன்இன்ஸ்டால் அழுத்தினார், முடிந்தது என்று திரையும் சொன்னது. ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகள் பலவற்றின் தளத்தில் 'முழுவதும் நீக்கும் கருவி' என்று தனியாக ஒன்று கிடைக்கிறது. அப்படியானால் சாதாரண அன்இன்ஸ்டால் முழுதாக நீக்குவதில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? உள்ளே வரும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று மூன்று கிளிக். வெளியே போவதற்கு மட்டும் தனிக் கருவி, ரீஸ்டார்ட், சேஃப் மோட்! மைக்ரோசாஃப்டும் தப்ப முடியாது. லாக்கில் எழுதத் தெரிந்த டிரைவர் பெயரைத் திரையில் ஒரு வரியில் எழுத என்ன தடை?

அதுவரை, கடைக்குப் போகிறவர்கள் அந்தப் பிழை எண்ணைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம். டெஸ்க்டாப்பையும் டேலி ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, "அண்ணா, ஃபார்மட் வேண்டாம், முதல்ல லாக் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கலாம். ஃபார்மட்டுக்குக் கேட்கும் அதே காசை இதற்குக் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.